ஸ்டேக்குக்கு ஒரு வேக்காடு, பர்கருக்கு வேறொரு வேக்காடு

கேள்வி சுருக்கமாக இதுதான். கீழக்கரையில் ஒரு வீடு. துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் காக்கா (அண்ணன்), மாட்டுக்கறியை முழுத் துண்டாகச் சுடும் ஸ்டேக் என்றால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், அரைத்த கறியைத் தட்டிச் சுடும் பர்கரும் அப்படியே இருக்கட்டும் என்கிறார். வாப்பாவுக்கு எந்தக் கறியானாலும் முழுக்க வெந்தாக வேண்டும். உம்மாவோ தட்டில் கசியும் சிவப்பு நீரைக் கண்டதும் ரத்தம் என்று ஒதுக்கிவிடுகிறார். இவர்களில் யார் சொல்வது சரி, வீட்டுத் தோசைக்கல்லில் இவற்றை எப்படிச் சமைப்பது என்று தம்பி கேட்டிருக்கிறார்.

வளைகுடா நாட்டு விடுதி ஒன்றில் இறைச்சி சுடும் பிரிவில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்டேக்கின் வேக்காடு பெரும்பாலும் அவரவர் விருப்பம். பர்கரின் வேக்காட்டை விருப்பத்துக்கு விட முடியாது. நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் மாட்டுக்கறியைப் பொறுத்தவரை, காக்காவைவிட வாப்பாவின் பக்கமே நியாயம் அதிகம்.

உம்மாவின் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றதைப் பேசுவதில் பயனில்லை. முறைப்படி அறுத்து, தொங்கவிட்டு, துண்டம் போட்ட கறியில் ரத்தத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கும். வெட்டும்போது கசிகிற சிவப்பு நீர், தசையிலேயே இருந்த தண்ணீரும் அதில் கரைந்துள்ள மயோகுளோபின் என்ற நிறமிப் புரதமும் சேர்ந்தது. தசைக்குள் உயிர்வளியைச் சேமித்து வைப்பதே அந்தப் புரதத்தின் வேலை. அதிகம் உழைக்கிற தசையில் அது அதிகம் இருக்கும். அதனால்தான் கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும், மாட்டுக்கறி சிவந்தும், எருமைக்கறி அதைவிடக் கறுத்தும் தெரிகின்றன. சுமார் 60 டிகிரிக்கு மேல் இந்தப் புரதம் உருமாறத் தொடங்கி, இளஞ்சிவப்பாகிப் பின் பழுப்பாகிறது. (இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் செல்சியஸ்.) மார்க்க அடிப்படையில் கேட்டால், குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 145ஆம் வசனம் விலக்குவது வெளியே ஓடும் இரத்தத்தை, அறுத்த பின் தசையில் தங்கும் ஈரத்தை அறிஞர்களில் பெரும்பாலோர் அதில் சேர்ப்பதில்லை. ஐயம் நீங்கவில்லையென்றால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் உம்மாவுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். சிவப்பைக் கண்டு முகம் சுளிப்பவருக்கு அந்தக் கறி ருசிக்காது; ருசிக்காத ஒன்றை ஊட்டுவது சமையல் ஆகாது.

இனி ஸ்டேக். ஒரே தசையிலிருந்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய முழுத் துண்டுதான் ஸ்டேக். அதன் நடுப்பகுதி எட்டும் வெப்பத்தை வைத்தே வேக்காட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 50 டிகிரியை ஒட்டி நிறுத்தினால் ரேர். 54 முதல் 57 வரை மீடியம் ரேர். 60 முதல் 63 வரை மீடியம். 65 முதல் 68 வரை மீடியம் வெல். 71ஐத் தொட்டால் வெல் டன். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சில டிகிரிதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். நல்ல சூட்டில் இருக்கும் கல்லின் மேல் அந்தச் சில டிகிரியைக் கடக்க ஒரு நிமிடமே போதும். அப்பால் கொஞ்சம் திரும்பி நின்றாலும் கேட்டது ஒன்றும் கிடைத்தது வேறொன்றும் ஆகிவிடும்.

அந்தச் சில டிகிரிக்குள் கறியினுள்ளே நடப்பது என்ன? 50 டிகிரியை ஒட்டி மயோசின் என்ற தசைப்புரதம் உறைகிறது. பச்சைக் கறியின் வழவழப்பு போய்ப் பல்லுக்குப் பிடி கிடைக்கிறது. 60ஐத் தாண்டியதும் தசைநார்களைச் சுற்றியுள்ள, கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தாலான உறைகள் சுருங்கி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. 66க்கு மேல் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உறைய, கறி இறுகி வறண்டுபோகிறது. மீடியம் ரேர் கேட்பவர்கள் விரும்புவது, மயோசின் உறைந்தும் சாறு இன்னும் பிழியப்படாமலும் இருக்கிற அந்தக் குறுகிய இடைவெளியை. அதைக் கேட்பதில் ஆடம்பரமோ முரட்டுத்தனமோ ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாத் துண்டுக்கும் அதுவே உச்சம் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கொழுப்பு மிகக் குறைந்த அண்டர்கட் என்னும் உள்முதுகுத் தசைக்கு மீடியம் ரேர் பொருந்தும். கொழுப்பு இழையோடும் விலாப்பகுதித் துண்டை அதே வேக்காட்டில் எடுத்தால் கொழுப்பு உருகாமல் மெழுகுபோல் நாக்கில் ஒட்டும். அதை மீடியம் வரை கொண்டுபோனால்தான் மணம் எழும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காக்கா துபாயில் சாப்பிட்ட ஸ்டேக், பெரும்பாலும் கறிக்காகவே வளர்த்து இரண்டு மூன்று வயதுக்குள் அறுத்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் இரண்டு மூன்று வாரம் பதப்படுத்திய மாட்டினுடையதாக இருந்திருக்கும். அந்த வாரங்களில் தசையிலுள்ள நொதிகள் நாரைத் தாமே தளர்த்திவிடுகின்றன. நம் கடைகளில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்றோ, காயம், ஊனம், தீராநோய் ஆகியவற்றால் அவற்றுக்கு நிரந்தரமாக உதவாமல் போனது என்றோ சான்று பெற்ற மாட்டையே அறுக்க முடியும். வண்டியும் ஏரும் இழுத்து ஓய்ந்த உடம்பில் கொலாஜன் பின்னல் முதிர்ந்து இறுகியிருக்கும். அதோடு, காலையில் அறுத்த கறி பகலுக்குள் விற்றுத் தீர்ந்து உலைக்குப் போய்விடுகிறது. மரணவிறைப்பு தளரக்கூட அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட தொடைக்கறியை மீடியம் ரேரில் எடுத்தால் வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கலாம், விழுங்க முடியாது.

இதை நம் கரைக்காரர்களுக்கு விளக்கக் கணவாய் போதும். பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் கணவாய் சமைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார்: சூடான சட்டியில் இரண்டு நிமிடத்தில் இறக்கு, இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் விட்டுவிடு, நடுவில் இறக்கினால் ரப்பர். மாட்டுக்கறியின் விதியும் அதுவே. சாறு பிழியப்படும் முன் எடுத்துவிட்டால் மென்மை; அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால், 80, 90 டிகிரியில் மணிக்கணக்காக வேகவைத்து, கொலாஜன் கரைந்து பசையாகி நாரை நனைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இளம் மாட்டின் அதிகம் உழைக்காத முதுகுத்தசைக்கு முதல் வழி உண்டு. கிழ மாட்டின் தொடைக்கு இரண்டாவது வழி மட்டுமே. கறி சுருளச் சுருள வேக வேண்டும் என்று வாப்பா சொல்வது, கிடைத்த கறிக்குப் பொருத்தமாகத் தலைமுறைகள் கண்டுவைத்த முடிவு. அதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஒரே சட்டியில் ஆக்கி, நெய்ச்சோற்றோடு ஒரே சஹனில் (பெரிய பொதுத்தட்டில்) பலர் சுற்றியமர்ந்து உண்ணும் ஊரில், ஆளுக்கொரு வேக்காடு என்ற எண்ணத்துக்கே இடமில்லை. தனித்தட்டில் தனித்துண்டு வைக்கும் மேசையில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

எனவே ஸ்டேக்தான் வேண்டும் என்றால், கடையில் அண்டர்கட் என்று கேட்டு வாங்குங்கள். முதுகெலும்புக்கு உட்புறம் நீளமாக ஓடும் அந்தத் தசை கிழ மாட்டிலும் ஓரளவு மென்மையாகவே இருக்கும். வாங்கிய அன்றே சுடாமல், முழுத் துண்டாக, மூடிய பாத்திரத்தில், குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் இரண்டு நாள் வைத்திருங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் வீடென்றால் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு பற்றிய பேச்சும் இங்கேதான் வர வேண்டும். முழுத் துண்டின் உட்புறத்தில் நோய்க்கிருமி இராது, மேற்பரப்பில்தான் இருக்கும், மேற்பரப்பைச் சுட்டால் போதும் என்பதே மீடியம் ரேருக்கு அடிப்படையான வாதம். ஆரோக்கியமான மாடு, மருத்துவர் சோதித்த அறுவை, வெட்டியது முதல் விடாத குளிர்ச்சி ஆகியவை இருந்தால் அந்த வாதம் நிற்கும். மாட்டு நாடாப்புழுவின் இளம்பருவம் தசைக்குள்ளேயே சிறு கட்டிகளாகத் தங்கும். அதற்கு மேற்பரப்பு, உட்புறம் என்ற கணக்குக் கிடையாது. சோதனை முத்திரை இல்லாத கறியில் அது இல்லை என்று யார் உறுதி சொல்வது? அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் அளவு 63 டிகிரியும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும். திறந்த கடையில் வாங்கிய கறிக்கு அந்த 63க்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதாவது காக்கா ஊரில் இருக்கும்வரை மீடியத்தோடு நிறைவடைய வேண்டும். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், முதியோர், நோயெதிர்ப்பு குன்றியவர்கள் விஷயத்தில் இந்தச் சலுகையும் இல்லை. அவர்களுக்கு எந்த நாட்டுக் கறியானாலும் முழு வேக்காடுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மசாலா ஊற வேண்டும் என்று கறியை முள்கரண்டியால் குத்தி, பப்பாளிக்காய் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் சகஜம். குத்தும்போது மேற்பரப்பிலுள்ள கிருமிகளை நாமே உள்ளே கொண்டுபோய் விடுகிறோம். குத்திய துண்டு, பார்வைக்கு ஸ்டேக்காக இருந்தாலும், கைமாவைப் போலத்தான் வேக வேண்டும்.

பர்கரில் பிடிவாதமாக இருக்கச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. இயந்திரத்தில் கறி அரைபடும்போது, வெளியே இருந்ததெல்லாம் உள்ளே போகிறது. பல மாடுகளின் துண்டுகள் ஒன்றாகக் கலக்கின்றன. கடையிலுள்ள கைமா இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால், திருகுக்கும் சல்லடைத் தட்டுக்கும் இடையே முந்தைய வாடிக்கையாளருக்கு அரைத்த கறி விரல் கனத்துக்கு ஒட்டியிருக்கும். காலை முதல் வெயில் சூட்டில் அங்கேயே கிடந்தது, உங்கள் கறியோடு சேர்ந்து வரும். அப்படி அரைத்து வந்ததை நடுவில் சிவப்பாக விட்டால், ஸ்டேக்கின் வெளிப்பக்கத்தைச் சுடாமலே தின்பதற்கு அது சமம்.

இது வெறும் அச்சம் அன்று. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி மனிதருக்கு நோய் தருவது என்று 1982இல் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டபோது, அதற்கு வழி காட்டியவை சரியாக வேகாத ஹாம்பர்கர்களே. 1993இல் அந்நாட்டின் மேற்குப் பகுதி மாநிலங்களில் ஒரு விரைவுணவு நிறுவனத்தின் கிளைகள் வழியே அதே கிருமி பரவி, 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அக்கிருமியின் நச்சு சிறுபிள்ளைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. அப்போது வாஷிங்டன் மாநில விதி பர்கரை 68 டிகிரி வரை வேகவைக்கச் சொல்லியிருந்தது. நாடு முழுமைக்குமான பரிந்துரையோ 60 டிகிரியாகவே இருந்தது, கடைகளும் அதையே பின்பற்றின. அந்த எட்டு டிகிரிக்கு ஒரு நாடு கொடுத்த விலை அது. மறு ஆண்டே, அரைத்த மாட்டுக்கறியில் அக்கிருமி இருந்தால் அதை விற்கக்கூடாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. இன்று அங்கே வீடுகளுக்குச் சொல்லப்படும் அளவு 71 டிகிரி. பிரிட்டனில் 70 டிகிரியில் இரண்டு நிமிடம். இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருபவை.

உள்ளே பழுப்பாகிவிட்டதே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கறியின் வயது, அரைத்தபின் காற்றுப்பட்ட நேரம், உறைய வைத்து உருக்கிய முறை ஆகியவற்றைப் பொறுத்து, நிறம் முன்கூட்டியே மாறிவிடும். நான்கு பர்கரில் ஒன்று, பாதுகாப்பான வெப்பத்தைத் தொடும் முன்பே நடுவில் பழுப்பாகிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண்மைத் துறையே எச்சரிக்கிறது. மறுபுறம், 71ஐத் தாண்டியும் இளஞ்சிவப்பு மாறாத கறியும் உண்டு. கண்ணை நம்பிப் பயனில்லை, வெப்பமானிதான் வழி.

பர்கரை முழுக்க வேகவைத்தால் சக்கையாகிவிடுமே என்ற காக்காவின் கவலைக்குப் பதில் கொழுப்பில் இருக்கிறது. ஸ்டேக்கின் ஈரம் தசைச்சாற்றிலிருந்து வருவது. பர்கரின் ஈரம் பெரும்பாலும் உருகிய கொழுப்பிலிருந்து வருவது. நம் ஊர்க் கறி கொழுப்புக் குறைந்தது; வெறும் கறியை அரைத்தால் எந்த வேக்காட்டிலும் அது சக்கைதான். கறிக்காரரிடம் தனியாகக் கொழுப்புக் கேட்டு வாங்கி, ஐந்தில் நான்கு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு என்ற அளவில் சேருங்கள். முழுத் துண்டாக வாங்கி வந்து, கழுவி உலர்த்திய இயந்திரத்தில் வீட்டிலேயே அரைப்பது கடையில் அரைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் 71 டிகிரியில் தள்ளுபடி கிடையாது. அரைக்கும் முன் கறியும் கொழுப்பும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொழுப்பு அப்பிக்கொண்டு குழைந்துவிடும். உப்பை அரைத்த கறிக்குள் பிசையாதீர்கள். பிசைந்தால் புரதம் ஒட்டிக்கொண்டு, கபாப் போல இறுகிவிடும். தட்டிய பிறகு, கல்லில் போடும் நொடியில் மேலே தூவினால் போதும்.

என்னைக் கேட்டால், வீட்டில் தடித்த பர்கரே வேண்டாம். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, புகையத் தொடங்கிய இரும்புத் தோசைக்கல்லில் வைத்து, தட்டையான கரண்டியால் முதல் அரை நிமிடத்துக்குள் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். அதன்பின் அழுத்தவே கூடாது, கொழுப்பு வெளியேறிவிடும். ஓரம் சரிகைபோல் முறுகி, மேலே சாறு முத்து முத்தாக எழும்போது, அடியோடு சுரண்டித் திருப்பிப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுங்கள். இவ்வளவு மெல்லியது உள்ளே முழுக்க வெந்துவிடும். இருபக்கமும் முறுகியிருப்பதால் சிவப்பான நடுப்பகுதியை யாரும் தேடமாட்டார்கள். அந்த முறுகலும் மணமும், புரதமும் சர்க்கரையும் 140 டிகிரிக்கு மேல் சேர்ந்து வினைபுரிவதால் வருபவை. 1912இல் அவ்வினையை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயராலேயே அது வழங்குகிறது. தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே ஸ்டேக்கைக் கல்லில் போடும் முன் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். நம் கடற்காற்றில் வெளியே வைத்தால் அது மறுபடி வியர்க்கும். மேற்புறத்தை வேகமாகச் சுட்டால் சாறு உள்ளே பூட்டப்படும் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவருகிறார்கள். அப்படி எதுவும் பூட்டப்படுவதில்லை. சுட்ட மேற்புறம் தருவது மணமும் ருசியும் மட்டுமே.

ஸ்டேக்கைக் கரியில் சுட விருப்பமிருந்தால், இந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சாயல்குடி, கமுதிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி எங்கும் கிடைக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸிலும் வட மெக்சிகோவிலும் ஸ்டேக் சுடுவதற்கென்றே தேடி வாங்கும் மெஸ்கீட் மரம், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். நிலத்தடி நீருக்கு அது செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய மரத்தின் கரி, அனலிலும் மணத்திலும் எந்த ஊர்க் கரிக்கும் சளைத்ததன்று. தணல்மேல் சாம்பல் பூத்த பிறகே கறியை வையுங்கள். கொழுப்புச் சொட்டித் தீப்பற்றினால் துண்டை ஓரத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் எழுந்து கறியில் படியும்.

முழு வேக்காடு விரும்புபவருக்கு ஸ்டேக் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். வெல் டன் கேட்டு வரும் சீட்டுக்கு வால்முனைத் துண்டைத் தள்ளிவிடுகிற சமையற்கூடங்கள் உண்டு. அது வாடிக்கையாளருக்குச் செய்கிற அவமதிப்பு. உண்மையில் அந்த வேக்காட்டுக்குத்தான் கொழுப்புள்ள நல்ல துண்டும் கூடுதல் கவனமும் தேவை. முதலில் இருபுறமும் நன்றாகச் சிவக்கவிட்டு, பிறகு அடுப்பைக் குறைத்து, நெய்யோ வெண்ணெயோ விட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருங்கள். 68ஐ எட்டியதும் இறக்கிவிட்டால், ஓய்வில் இருக்கும்போது உள்சூடு ஏறி 71ஐத் தொட்டுவிடும். பலர் 85 வரை விட்டுவிட்டு, வெல் டன் என்றாலே செருப்புத்தோல் என்று பழி போடுகிறார்கள். 71க்கும் 85க்கும் உள்ள தூரம் பெரிது. 71இல் நின்ற துண்டு வாப்பாவுக்கும் பிடிக்கும், உம்மா அஞ்சும் சிவப்பும் அதில் இராது. மீடியம் வேண்டியவருக்கு 60ஐ ஒட்டி இறக்கி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்; 63க்கு ஏறியதை அளந்து பார்த்த பிறகே வெட்டுங்கள்.

குத்திப் பார்க்கும் மின்னணு வெப்பமானி ஒன்று இல்லாமல் இவை எதுவும் ஆகாது. கட்டைவிரல் அடியை அழுத்திப் பார்த்து, அந்த மென்மையோடு ஒப்பிட்டுக் கறியின் வேக்காட்டைச் சொல்லும் முறை, ஒரே வகைத் துண்டைத் தினமும் சுடுபவருக்கே ஓரளவு கைகொடுக்கும். வாங்கியதும், உருகும் பனிக்கட்டி நிறைந்த குவளையில் முனையை அமிழ்த்துங்கள். 0 காட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் 100 காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் வாழ்வதால், கொதிநிலை குறையும் மலையூர்களில்போல நமக்கு அதில் கழித்தல் கணக்கு எதுவும் இல்லை. பர்கரில் மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து நடுவரை செலுத்துங்கள். ஸ்டேக்கில் எலும்பையும் கொழுப்பையும் தொடாமல், தடித்த இடத்தின் மையத்தில் நிறுத்துங்கள். பாதி வெந்த துண்டில் ஒருமுறை குத்திய முனையை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாமல் அடுத்த துண்டில் குத்தாதீர்கள். பச்சைக்கறி வைத்த தட்டிலேயே வெந்த கறியை எடுத்து வைப்பதும் இதே தவறுதான், நம் சமையலறைகளில் அது இன்னும் அடிக்கடி நடக்கிறது.